கூரையிலிருந்து விழுகிற காட்சி

படம் தொடங்கும் முன் திரைக்கு முன்னால் வந்து நின்று, இனி வரப்போகும் படங்களைப் பற்றி நாலு வார்த்தை பேசுவது அந்தத் தியேட்டரில் வழக்கம். பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வக்கில்லாத தியேட்டர் அது. பழைய மரக்கிடங்கு ஒன்றைக் கழுவித் துடைத்து, எங்கோ இழுத்து மூடிய அரங்கத்திலிருந்து நாற்காலிகளை வாரிக்கொண்டு வந்து போட்டு, படப் பைத்தியங்கள் சிலர் சங்கமாகச் சேர்ந்து நடத்திக்கொண்டிருந்தார்கள். மழைக் காலத்தில் சுவரிலிருந்து இன்னமும் ஈர மரத்தின் வாசனை வரும். அங்கே விளம்பரமெல்லாம் ஒருவன் வாய்தான். அதனாலேயே அவனுக்கு மைக் என்று பேர் விழுந்தது. வாசலில் டிக்கெட் கிழிப்பவனும் அவன்தான், கழிப்பறைக் குழாய் பிடுங்கிக்கொண்டால் ஓடுகிறவனும் அவன்தான். அதையெல்லாம் வைத்து யாரும் பேர் வைக்கவில்லை.

அன்றைக்கும் நின்றான்.

"திங்கக்கிழமை காலையில நைட் ஷிப்ட் முடிச்சு வர்றவங்களுக்கான காட்சி. தூங்கலாம், எழுப்ப மாட்டோம். குறட்டை மட்டும் பக்கத்து சீட்டுக்காரர் சம்மதத்தோட."

சிரித்தார்கள்.

"புதன்கிழமை கைக்குழந்தைக்காரங்க காட்சி. விளக்கு பாதி எரியும். குழந்தை அழுதா நீங்க வெளிய போக வேணாம். படம் பொறுத்துக்கும். சனிக்கிழமை பேசாத படம், பக்கத்துலயே மேடையில உக்காந்து தாளம் வாசிக்கிறாங்க. ஞாயிறு மதியம் பழைய சண்டைப் படம். கிடங்கு தீப்பிடிக்குமே, அந்தப் படம். அதோட சிறப்பு நிகழ்ச்சியா..."

இங்கேதான் நின்றது. சிறப்பு நிகழ்ச்சிக்கு வருவதாகச் சொல்லியிருந்த சண்டை மாஸ்டர் அன்று காலையில்தான் போன் பண்ணி, வர முடியாது என்று கையை விரித்திருந்தார். படத்தை மட்டும் சொல்லிவிட்டு இறங்கு என்று மேனேஜரம்மா சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் கூட்டம் அதற்குள் கையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஒருவர் போனைத் தடவ ஆரம்பித்துவிட்டார். பின்னால் இரண்டு பேர் டீக்கு எழுந்துவிட்டார்கள். கேட்கிறவன் முகம் திரும்பினால் மைக்குக்குத் தாங்காது.

"அந்தப் படத்துல கூரை உடைஞ்சு விழுவாங்களே, நிஜமா விழுந்தவங்க, அவங்களே நேர்ல வர்றாங்க!"

எழுந்த இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அரங்கம் ஒருமுறை நிமிர்ந்து உட்கார்ந்து கை தட்டியது. அந்தப் படத்தின் கதை, கதாநாயகன் பேர் எல்லாம் மறந்தவர்களுக்குக்கூட அந்த விழுதல் மறக்காது. கதாநாயகி கூரையில் ஓடுகிறாள், ஓடு நொறுங்குகிறது, உடம்பு நேராகக் கீழே வருகிறது. முகம் தெரியாது. முகம் தெரியாததற்குக் காரணம் அது கதாநாயகி இல்லை, அவளுக்குப் பதிலாக விழுந்த கூலிக்காரி.

அந்தக் கூலிக்காரி மைக்கின் அக்கா.

கைதட்டல் காதில் இருக்கும்போதே பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவனுக்கு முதுகெல்லாம் வேர்த்தது. அக்காவை அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த விழுதலில் இடுப்பு போய், ஒரு கால் குட்டையாகி, அத்தோடு சினிமாவுக்கு முழுக்குப் போட்டவள். அவள் ஓடியும் குதித்தும் கொண்டுவந்த சோற்றில் வளர்ந்தவன் அவன். படத்தை அவள் இன்று வரை பார்த்ததில்லை. டிவியில் வந்தால் எழுந்து போய்த் துணி உலர்த்துவாள், உலர்த்தத் துணி இல்லாவிட்டாலும்.

"உங்க அக்காவா?" விஷயத்தைக் கேட்ட மேனேஜரம்மா வாயைப் பிளந்தார். "ஒரே தியேட்டர்ல இருந்துக்கிட்டு இத்தனை நாள் மூச்சு விடலியே நீ! அவங்க சரின்னுட்டாங்களா?"

"சரின்னுட்டாங்க" என்றான்.

அதற்குள் வாசல் பலகையில் அச்சடித்து ஒட்டியாயிற்று. அவன் அந்தப் பலகைப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தான். பாதிக் கிழித்த டிக்கெட்டைத் திரும்பக் கிழித்துக் கொடுத்து ஒரு பெரியவரிடம் திட்டு வாங்கினான். நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்தால், நாளை என்ற வார்த்தையே நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. விடிந்ததும் அக்கா வேலை செய்யும் இடத்துக்குக் கிளம்பிவிட்டான்.

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற கூடம் அது. உள்ளே போனாலே கண்ணாடி வேர்த்து, மூச்சு சோப்பு நாற்றம் நாறும். அக்கா உருளை இஸ்திரி மெஷினுக்கு இந்தப் பக்கம் நின்று ஈரப் போர்வைகளை உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் சூடாக வருவதை வாங்கி மடித்துக்கொண்டிருந்தவளை எல்லோரும் மடிப்புக்காரி என்பார்கள். அவள்தான் முதலில் பார்த்தாள்.

"அக்கா, உன் தம்பி. கால்ல வெந்நி ஊத்திக்கிட்ட மாதிரி நிக்கிறான் பாரு."

"என்னடா, வேலை நேரத்துல? எவனாவது போய்ட்டானா?"

"இல்லக்கா. சும்மா."

"சும்மா வர்ற ஆளா நீ? சும்மான்னா வாசல்ல நின்னுக்கிட்டுப் போன்தானே பண்ணுவ."

அவன் ஒரு போர்வை நுனியைப் பிடித்து உதவப் போய் விரலைச் சுட்டுக்கொண்டான்.

"உன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிட்டேன்க்கா."

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும்."

பிறகு கொட்டிவிட்டான். அக்கா கையை நிறுத்தவில்லை. அந்த மெஷினில் கையை நிறுத்த முடியாது, துணி கருகும். போர்வை ஒன்று முழுதாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"என்னைக் கேட்டியா?"

"இப்பக் கேக்கறேனே."

"சொல்லிட்டு வந்து கேக்கறதுக்குப் பேரு கேக்கறதாடா? அந்த மாஸ்டரும் இதே மாதிரிதான். 'இவ குதிப்பா'ன்னு அங்க சொல்லிட்டு, எங்கிட்ட வந்து 'குதிக்கிறியாம்மா'ன்னான். நீயும் அவன் ஜாதகத்துலயே பொறந்திருக்க."

மைக் சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டான். மடிப்புக்காரிதான் காப்பாற்றினாள்.

"போயேன்க்கா. நாங்களும் வர்றோம். உன்னைப் படத்துல பாத்துட்டு வர்றோம்."

"மூஞ்சி தெரியாதுடி அதுல."

"முதுகு தெரியுமில்ல? நாங்க தினம் பாக்கறது அதைத்தானே."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காகவே இன்னும் கோபப்பட்டாள். ஈரத் துணி வண்டியை இடுப்பால் தள்ளி ஒதுக்கினாள், நல்ல பக்கத்து இடுப்பால்.

"வரேன். இவளுங்க ஆசைப்படறாளுங்க, வரேன். ஆனா நான் விழற இடம் வரக் கூடாது. அதை நான் பாக்க மாட்டேன். இருட்டுல உக்காந்து அதுக்கு நாலு பேர் கை தட்டறதைக் கேக்க மாட்டேன். ஆகுமா உன்னால?"

"ஆகும்க்கா."

"போய்க் கேட்டுட்டு வந்து சொல்லு."

"ஆகும்னா ஆகும்க்கா" என்று சொல்லிவிட்டு, நெஞ்சுப் பாரம் இறங்கியவனாகத் தெருவுக்கு வந்தான். பஸ்ஸில் ஏறின பிறகுதான் உறைத்தது, மறுபடியும் கேட்காமல் சொல்லிவிட்டோம் என்று.

தியேட்டர் ஆபரேட்டர் தலைக்கு மை போடுகிறவர், மீசைக்குப் போட மாட்டார். ஆபரேட்டர் அறையில் எந்நேரமும் ஒரு சின்ன ரேடியோவில் பந்தாட்ட வர்ணனை ஓடும். மைக் சொன்னதைக் கேட்டுவிட்டுக் காதைக் குடைந்தார்.

"வெட்டறதா? இப்பல்லாம் படம் பெட்டிக்குள்ள பூட்டுப் போட்டுல்ல வருது. கை வெச்சா அனுப்பினவன் கேஸு போட்டு நம்ம வேட்டியை உருவிடுவான்."

"வேற வழியே இல்லியா?"

"உங்க அக்காவைக் கண்ணை மூடிக்கச் சொல்லு."

"ஆபரேட்டரே, விளையாடாதீங்க. உசிர் போகுது எனக்கு."

ஆபரேட்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். வேறு யாராவது என்றால் பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். மெஷின் பக்கம் கை காட்டினார். "லென்ஸுக்கு முன்னாடி ஒரு மூடி இருக்கு. இந்தப் பொத்தானை அழுத்தினா இறங்கும். படம் பாட்டுக்கு உள்ள ஓடும், திரைக்குப் போகாது. மறுபடி அழுத்தினா திறக்கும். ஆனா அழுத்தற கை உன்னுதா இருக்கணும். ஓடற படத்தை நான் இதுவரைக்கும் மறைச்சதில்ல."

அவன் விடவில்லை. காட்சி இல்லாத நேரமெல்லாம் அந்த இடத்தை ஓட்டிக் காட்டச் சொல்லிப் பழகினான். கதாநாயகி ஏணியில் ஏறும்போது பாவாடை நுனியை இடுப்பில் செருகுவாள். அங்கே அழுத்த வேண்டும். விழுந்த பின் கீழே ஒரு நீளச் சண்டை நடந்து, கடைசியில் அவள் எழுந்து நிற்கும்போது, மெஷின் மேலிருக்கும் சின்னப் பெட்டித் திரையைப் பார்த்துத் திறக்க வேண்டும். வர்ணனை கெடும் என்று ஆபரேட்டர் படத்தின் சத்தத்தை அடியோடு குறைத்து வைத்திருந்தார். செருகல், அழுத்து. செருகல், அழுத்து. கை பழகிவிட்டது. கால்தான் ஒரு இடத்தில் நிற்கவில்லை. "ஏம்ப்பா, ஆடாம நில்லு, மெஷினே ஆடுது" என்று ஆபரேட்டர் கத்தினார்.

ஞாயிறு மதியம் அரங்கம் நிரம்பிவிட்டது. மேனேஜரம்மா கிடங்கு மூலையிலிருந்து உடைந்த நாற்காலிகளையும் எடுத்துப் போட்டார். அக்கா சலவைக்கூடத்துப் பெண்களோடு வந்தாள். காலை நீட்ட வசதியாக நடைபாதையோரம் உட்கார்ந்தாள். துவைத்து மடித்த புடவை, தலையில் எண்ணெய், முகத்தில் பல் டாக்டரிடம் வந்த களை. மைக் திரைக்கு முன்னால் போய் வரும் வாரத்துப் படங்களைச் சொன்னான். நகைச்சுவை ஒன்றும் வரவில்லை. "நல்லாப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஓடினான்.

ஆபரேட்டர் அறைச் சுவரில் இரண்டு சின்னச் சன்னல். ஒன்றில் கண்ணாடி இருந்தது, மற்றதில் என்றோ உடைந்தது உடைந்ததுதான். அந்த ஓட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அவன் படத்தைப் பார்க்கவில்லை. அக்காவின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சந்தைத் தெருவில் துரத்தும் காட்சி வந்தது. கதாநாயகி முகம் ஒரு கணம், பிறகு ஓடுகிற முதுகு.

"அய்யோ, அக்கா முதுகு!" மடிப்புக்காரி கத்தியே விட்டாள். "அதே முதுகுடி!"

அரங்கமே சிரித்தது. யாரோ எட்டிப் பார்த்தார்கள். அக்கா அவள் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தது மேலே வரைக்கும் கேட்டது. ஓடும் முதுகு ஒரு தடுப்பைத் தாண்டியபோது அக்காவின் தலை தானாக ஒரு முழம் எம்பி இறங்கியது. மைக்குக்கு ஆபரேட்டரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

தீ பிடித்தது. ஏணி வந்தது. கதாநாயகி பாவாடையைச் செருகினாள். அழுத்தினான்.

திரை கருத்தது. பின்வரிசையிலிருந்து ஒரு விசில். "லைட்டு!" "ஆபரேட்டர் தூங்கிட்டான்!" அந்தக் கூச்சலுக்கு மேலே, சுவருக்குச் சுவர் மாட்டியிருந்த ஒலிபெருக்கி அத்தனையிலும், ஓடுகள் நொறுங்க ஆரம்பித்தன. மரம் முறிந்தது. கனமாக ஒன்று கீழே மோதியது. அதோடு ஒரு பெண் அடிவயிற்றிலிருந்து வீறிட்டாள். வெளிச்சத்தில் வந்திருந்தால் அது சினிமாவாக இருந்திருக்கும். கும்மிருட்டில் வந்தபோது பக்கத்து நாற்காலியில் யாரையோ அறுக்கிற மாதிரி இருந்தது.

"சத்தம்!" மைக் கத்தினான். "சத்தம் போகுது!"

"படத்தை மூடணும்னுதானே கேட்ட?" என்றார் ஆபரேட்டர். சொல்லிக்கொண்டே சத்தத்தைக் குறைக்கிற திருகு பக்கம் போனார்.

அதற்குள் கீழே இருட்டிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"அது நான் இல்ல."

விசில் நின்றது.

"கத்தறது நான் இல்ல. விழறதுதான் நான். நான் கத்தவே இல்ல."

ஆபரேட்டர் திருகை அடிவரை திருப்பினார். படம் மூடிக்குப் பின்னால் ஊமையாக ஓடியது.

"யாரும்மா அது பேசறது?" என்று ஒரு ஆண் குரல்.

"விழுந்தவ."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். யாரோ உஸ் என்று அதட்ட, அடங்கினார்கள்.

"கீழ மெத்தை போட்டிருந்தாங்க" என்றாள் அக்கா. மேடைப் பேச்சாக இல்லை, மெஷின் இரைச்சலுக்கு மேலே அந்தப் பக்கத்துக்காரிக்குச் சொல்கிற குரலில் சொன்னாள். "கேமராவுல மெத்தை தெரியுதுன்னு கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னாங்க. தள்ளிப் போட்டாங்க. எங்கிட்டச் சொல்லல. ஓடு ஒடையற இடமும் அவங்க சொன்ன இடம் இல்ல. இடுப்பு, கீழ நின்ன கேமரா வண்டிச் சட்டத்துல போய் இறங்குச்சு. எல்லாம் தெரிஞ்சுது எனக்கு. ஆனா கத்தல."

"ஏங்க்கா?" மடிப்புக்காரியின் குரல். கேலி எதுவும் மிச்சமில்லை அதில்.

"கத்தினா அந்த ஷாட்டு வீணாப் போகும்டி. இன்னொரு தடவை ஏறுன்னுடுவாங்களேன்னு வாயை இறுக்கிக்கிட்டேன். எலும்பு ஒடைஞ்சது ஒடைஞ்சுது, மறுபடி ஏறச் சொல்லிடப் போறாங்களேங்கறதுதான் நெனப்பு. ஹீரோயினா நடிச்ச அந்தம்மா அப்புறமா டப்பிங்ல, ஏசி ரூம்ல உக்காந்து கத்தியிருப்பாங்க போல. நல்லாத்தான் கத்தறாங்க. எனக்கே பயமா இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவளே சொன்னாள்: "ஆஸ்பத்திரியில வீக்கத்துல கழட்ட முடியாம ஷூவை வெட்டி எடுத்தாங்க. அது அந்தம்மாவோட ஷூ. கம்பெனியிலேர்ந்து ஆள் வந்தான். என்னைப் பாக்கத்தான் வந்திருக்கான்னு நெனச்சேன். ஷூ எங்கேன்னு கேட்டான்."

இதற்குச் சிரித்தார்கள். கெட்ட வார்த்தை ஒன்றும் சேர்ந்து வந்தது. அது நியாயமான வார்த்தைதான்.

மைக் சன்னல் ஓட்டையில் கன்னத்தை வைத்தபடி நின்றான். இத்தனை வருஷத்தில் இதில் ஒரு வார்த்தைகூட வீட்டில் அவள் சொன்னதில்லை. ஷூ கதையும் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை.

அப்போதுதான் கீழே ஒருவர் ஆரம்பித்தார். நல்ல மனுஷன்தான், குரலில் மரியாதை இருந்தது. "அந்த இடத்தை இன்னொரு தடவை போடச் சொல்லுங்க. இப்ப பாத்தாத்தான் புரியும்."

"ஆமா, திருப்பிப் போடுங்க!"

"நிஜமா விழுந்தது, பாக்கணும்ல!"

"மைக்! திருப்பிப் போடச் சொல்லுப்பா! மைக்! மைக்!"

கை தட்டிக்கொண்டு கூப்பிட்டார்கள். அரங்கம் முழுக்க ஒரே குரலில் அவன் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் காது சிவந்தது. எந்தப் படத்துக்கும் ஒரு நாளும் இப்படிக் கூப்பிட்டதில்லை. அறையில் போன் அடித்தது. கீழேயிருந்து மேனேஜரம்மாதான், வேறு யாரும் அந்தப் போனில் கூப்பிட மாட்டார்கள்.

"திருப்பறது சொடுக்கு போடற வேலை" என்றார் ஆபரேட்டர். கை தயாராக இருந்தது.

"வேணாம்."

"ஜனங்க கேக்கறாங்கடா."

"கேக்கட்டும்."

"நீதானேடா ஜனங்க கேக்கறதுக்கு முன்னாடியே எடுத்துக் குடுக்கறவன்!"

அவன் மெஷினுக்கும் ஆபரேட்டருக்கும் நடுவில் போய் நின்றான். போன் அடித்து அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. எடுத்தால் சரி என்று சொல்லிவிடுவான், அது அவனுக்குத் தெரியும். இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டான். கால் மட்டும் தரையை உதைத்துக்கொண்டே இருந்தது. கீழே கூப்பாடு கோபமாகி, கோபம் முணுமுணுப்பாகி, நாற்காலிகள் படபடவென்று மடங்கின. கொஞ்சம் பேர் எழுந்து போனார்கள்.

சின்னப் பெட்டித் திரையில் அந்த இடம் கடந்ததும், மூடியைத் திறந்தான். ஆபரேட்டர் சத்தத்தை ஏற்றினார்.

திரையில் கதாநாயகி எழுந்து நின்று பாவாடைத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு முடி கலையவில்லை. நெற்றியில் அழகாக ஒரே ஒரு கரிக் கோடு. மடிப்புக்காரிதான் முதலில் வெடித்தாள், அவளைத் தொடர்ந்து அரங்கம் முழுக்கச் சிரித்தது. சோகப் பாட்டு அந்தச் சிரிப்பிலேயே மூழ்கிப் போனது. அக்கா சிரித்தாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் தலை குனிந்திருந்தது, தோள் குலுங்கியது. அது எதனால் வேண்டுமானாலும் இருக்கலாம்.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் மேனேஜரம்மா படிக்கட்டிலேயே அவனைப் பிடித்துக்கொண்டார்.

"போனை ஏன் எடுக்கல? திருப்பிப் போட்டா குடியா முழுகிடும்? பாதிப் பேர் அதைப் பாக்கத்தானே வந்தாங்க!"

"அதான் போடல."

"பாதியில போனவங்க வாசல்ல நின்னு சண்டை பிடிக்கிறாங்க."

"நான் போய்ப் பேசறேன்."

மேனேஜரம்மா மூச்சு வாங்கினார். குரல் மாறியது. "சரி, அதை விடு. உங்க அக்கா பேசினாங்களே, அப்படி ஒரு பேச்சு இந்தத் தியேட்டர்ல வந்ததில்ல. அடுத்த மாசமும் வெச்சுக்கலாம். படமே வேணாம், அவங்க பேசினாப் போதும். வருவாங்கல்ல?"

வருவாங்க என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவன் அதை எச்சிலோடு சேர்த்து விழுங்கினான். விழுங்கச் சிரமமாகத்தான் இருந்தது.

"எனக்குத் தெரியாது. அங்கதான் உக்காந்திருக்காங்க. அவங்களையே கேளுங்க."

கூட்டம் இறங்கட்டும் என்று அக்கா இடத்திலேயே உட்கார்ந்து காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். மைக் பக்கத்தில் போய் நின்றான்.

"சத்தத்தை மறந்துட்டியேடா" என்றாள், நிமிராமல்.

"ஆமாக்கா. மறந்துட்டேன்."

"அதுவும் நல்லதுக்குத்தான்னு நான் சொல்லுவேன்னு நெனைக்காத. குலை நடுங்கிப் போச்சு."

"நெனைக்கலக்கா."

மேனேஜரம்மா வந்து அக்காவின் அருகில் குனிந்து பேச ஆரம்பித்தார். மைக் அங்கே நிற்கவில்லை. வாசலுக்குப் போய், சண்டை பிடித்தவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டே தலையைத் தலையை ஆட்டினான். அவர்கள் தோளுக்கு மேலாக உள்ளே தெரிந்தது. அக்கா கையை ஆட்டி ஏதோ கேட்டாள். மேனேஜரம்மா ஏதோ சொன்னார். அக்கா மறுபடி ஏதோ கேட்டாள், இந்த முறை விரலை நீட்டி. அவள் வருகிறேன் என்கிறாளா, மாட்டேன் என்கிறாளா என்று அத்தனை தூரத்திலிருந்து ஒன்றும் புரியவில்லை. ஓடிப்போய்க் கேட்கச் சொல்லிக் கால் பறந்தது. அவன் போகவில்லை.